விளையாட்டின் வழியே தொழிற்பொறுப்பு

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர், பரமபத சோபானப் படத்தை விரித்துத் தாயம் உருட்டி ஆடுவதை நம் அங்கத்தினர் பலரும் கண்டிருப்பர். நற்குணம் ஏணியாகி ஏற்றுகிறது. தீக்குணம் பாம்பாகி இறக்குகிறது. எழுத்தறியாச் சிறுவனும் ஓர் இரவிலேயே அறத்தின் பயனை அப்படத்தில் கண்டுகொள்கிறான். ஆதலின், விளையாட்டின் மூலம் ஒழுக்கம் கற்பித்தல் நமக்குப் புதிதன்று.

எனினும் அவ்விளையாட்டில் ஒரு குறை உண்டு. ஏறுவதும் இறங்குவதும் தாயக்கட்டையின் செயலேயன்றி, ஆடுவோர் செய்த முடிவின் விளைவு அன்று. மேலும், ஆடுபவரே ஏறுகிறார், ஆடுபவரே இறங்குகிறார். தொழில் உலகிலோ முடிவு செய்பவர் ஒருவர். அதன் தீங்கை அனுபவிப்பவர் வேறொருவர். இவ்வுண்மையை உணர்த்துவதற்கு ஏற்றவை பாவனை விளையாட்டுகள். அவற்றைப் பற்றி இங்கே சிறிது விளக்க விரும்புகிறோம்.

பாவனை விளையாட்டு என்பது, ஒரு தொழிலின் நடைமுறையைச் சுருக்கி, மேசைமீது வைத்து நடத்திப் பார்ப்பதாகும். 1932-ஆம் ஆண்டில் லெனின்கிராடு நகரில் மேரி பிர்ஷ்டெயின் என்னும் அம்மையார், தட்டச்சுப் பொறி செய்யும் தொழிற்சாலையின் நிர்வாகத்தைக் கற்பிக்க இத்தகைய விளையாட்டு ஒன்றை அமைத்தார். 1950-களில் அமெரிக்க நிர்வாகச் சங்கமும் இம்முறையைக் கைக்கொண்டது. பின்னர், டென்னிஸ் மெடோஸ் என்பார் மீன்பிடித் தொழிலை வைத்து ஒரு விளையாட்டு அமைத்தார். அதில் ஒவ்வொரு குழுவும் தன் இலாபத்தையே கருதிப் படகுகளைப் பெருக்கும். சில சுற்றுகளுக்குள் கடலில் மீன் அற்றுப்போகும். எல்லாக் குழுக்களும் நட்டமடையும். பொதுச் சொத்தைக் காப்பது யார் கடமை என்னும் வினா அப்போது தானே எழுகிறது. விரிவுரையால் விளங்காதது விளையாட்டால் விளங்கிவிடுகிறது.

நம் விருதுநகர் மாவட்டத்திற்கு இக்கல்வி பெரிதும் வேண்டப்படுவது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மானாவாரி நிலத்தையே நம்பியிருந்த சிவகாசிப் பகுதியில் அத்தொழில் வேரூன்றிற்று. அதன் பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பெரியச் செய்தவை இத்தொழில்களே. அதனை மறுப்பார் எவருமிலர்.

ஆயினும் 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் தொழிலாளர் மட்டுமல்லர். ஓசை கேட்டு உதவ ஓடிய அயலாரும் இருந்தனர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்திலும் பல உயிர்கள் பறிபோயின. விதிகள் இல்லாமல் இவை நேரவில்லை. ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருந்து மருந்து செலுத்தலாகாது. எஞ்சிய கலவையை மறுநாளைக்கு வைத்தல் கூடாது. உரிமம் பெற்றவர் தம் கூடத்தை உள்குத்தகைக்கு விடலாகாது. இவை தொழிலாளர் யாவரும் அறிந்தவை. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கலந்த கலவை ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதையும் அவர்கள் அறிவர். அறிந்திருந்தும் மீறல் நடப்பது ஏன்?

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்னும் சொற்றொடர் இப்போது எங்கும் வழங்குகிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட வரம்பை எட்டிய கம்பெனிகள் முந்திய 3 ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆண்டு இலாபம் 5 கோடி ரூபாய் என்பது அவ்வரம்புகளுள் ஒன்று. அவற்றை எட்டாத சிறு தொழிற்கூடங்களுக்கு இக்கட்டாயம் இல்லை. பள்ளிக்குக் கட்டடமும் ஊருக்குக் குடிநீர்த் தொட்டியும் அமைத்தல் நற்செயலே. ஆயினும் இலாபம் எவ்வழியில் ஈட்டப்பட்டது என்பதே பொறுப்பின் முதற்கேள்வி. அக்கேள்விக்கு நன்கொடை விடையாகாது.

இனி, நம் சங்கக் கூட்டத்திலேயே ஆடத்தக்க ஒரு விளையாட்டைக் கூறுகிறோம். வேண்டுவன ஒரு கலயமும் 20 புளியங்கொட்டைகளும் சிறிது சுண்ணாம்புமே. அறுவர் அமர வேண்டும்: முதலாளி, போர்மேன், தொழிலாளி, பரிசோதகர், அயலூரார், வாங்குவோர். தீபாவளிக்கு முந்திய 6 மாதங்களே 6 சுற்றுகள். விதிப்படி நடந்தால் மாதம் 10 பெட்டி சரக்கு உண்டாகும். வாங்குவோரோ 16 பெட்டி கேட்பார்; விலையையும் குறைக்கச் சொல்வார்.

முதலாளி மூன்று மீறல்களைச் செய்யலாம்: நால்வர் அறையில் அறுவரை இருத்துதல், எஞ்சிய கலவையை இரவில் வைத்தல், அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை வாங்குதல். ஒவ்வொரு மீறலுக்கும் 2 பெட்டி கூடும். ஒரு கொட்டைக்குச் சுண்ணாம்புப் பொட்டும் இடப்படும். வேலையைப் பங்கிட்டுத் தருபவர் போர்மேன். பரிசோதகர் மாதம் ஒரு மீறலை மட்டுமே தேடலாம். கண்டால் அதற்குரிய பொட்டு அழிக்கப்படும். தொழிலாளி மறுக்கலாம்; மறுத்தால் அம்மாதக் கூலி இல்லை. அயலூராருக்கு எவ்வுரிமையும் இல்லை.

மாத இறுதியில் கண்ணை மூடிக் கலயத்திலிருந்து ஒரு கொட்டையை எடுக்க வேண்டும். எடுப்பவர் தொழிலாளியே. பொட்டில்லாக் கொட்டை வந்தால் அதனை மீண்டும் இட்டு ஆட்டம் தொடரும். பொட்டுள்ள கொட்டை வந்தால் தொழிலாளியும் அயலூராரும் எழுந்து வெளியேற வேண்டும். முதலாளிக்கு ஒரு மாதம் உற்பத்தி நிற்கும். பின்னர் வேறொரு தொழிலாளியைக் கொண்டு அவர் ஆடலாம்.

மூன்று மீறல்களும் பரிசோதகர் கண்ணுக்குத் தப்பினால் என்ன நேரும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 20 கொட்டைகளில் 3 பொட்டுள்ளவை. ஆகவே ஒரு மாதத்தில் 100-க்கு 85 முறை தீங்கு நேராது. இதனாலன்றோ மீறுவோர், “இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே” என்று தம் அனுபவத்தையே சாட்சியாகக் கூறுகின்றனர்! ஆனால் 6 மாதங்களும் தப்பும் வாய்ப்பு 100-க்கு 38 மட்டுமே. விபத்து நேரும் வாய்ப்பு 62. ஒரே ஒரு மீறலைத் தொடர்ந்து செய்தாலும் அது 26 ஆகும். மாதக் கணக்கில் அற்பமாகத் தோன்றும் அபாயம் பருவக் கணக்கில் பேரபாயமாகிவிடுகிறது. மேலே எழுப்பிய வினாவுக்கு இது ஒரு விடை. உண்மைத் தொழிலின் அபாயத்தை இந்த எண்கள் அளப்பன அல்ல. அபாயம் எவ்வாறு குவிகிறது என்பதையே காட்டுவன.

ஓர் ஆட்டம் முடிந்தபின் ஆசனங்களை மாற்றிக்கொள்ளுதல் இன்றியமையாதது. முதலாளியாய் இருந்தவர் தொழிலாளியின் இடத்தில் அமர்ந்து கலயத்தில் கையிடும்போதுதான் கல்வி தொடங்குகிறது. அதன்பின் அரைமணி நேரமாவது கலந்து பேச வேண்டும். தொழிலாளி ஏன் மறுக்கவில்லை? விலையைக் குறைக்கச் சொன்னவருக்கு விபத்தில் பங்கு இல்லையா? இவ்வினாக்களைத் தலைவர் எழுப்பலாம். உண்மையான தொழிற்கூடம் எதன் பெயரையும் ஆட்டத்தில் வைத்தல் கூடாது. விபத்தில் உற்றாரை இழந்தவர் எவரையும் ஆடும்படி வற்புறுத்தலும் கூடாது. விளையாட்டு, சட்டத்திற்கோ பரிசோதனைக்கோ ஈடாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

நெசவாளராகிய நமக்கும் விவசாயிகளாகிய நமக்கும் இதில் என்ன உண்டு என்று சிலர் கேட்கலாம். சாயக் கழிவுநீரை ஓடையில் விடுபவருக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது. பூச்சிமருந்தை அளவுக்கு மிஞ்சித் தெளிக்கும் நிலத்தில் களையெடுக்க ஒரு கூலிப்பெண் வருகிறாள். கலயமும் கொட்டைகளும் அங்கும் உண்டு. 1995-இல் மான்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு ஐக்கியம் வகுத்த ஏழு கொள்கைகளில் ஏழாவது, சமூகத்தின்பால் அக்கறை என்பதாகும்.

மேலும், தீபாவளிதோறும் கூட்டுறவுப் பண்டகசாலைகளும் பட்டாசு விற்கின்றன. அப்போது வாங்குவோர் ஆசனத்தில் அமர்பவர் நாமே. மிகக் குறைந்த விலை எது என்று மட்டும் கேட்கிறோமா, அல்லது உரிமமும் ஒழுங்கும் உள்ள கூடத்தின் சரக்கா என்றும் கேட்கிறோமா? அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அங்கத்தினர்கள் இவ்விளையாட்டை ஆடிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கொள்முதல் தீர்மானத்தை அதன் பிறகு எழுதலாம்.