அந்தப் பெட்டியில் முட்டைக்கும் இடம் வேண்டும்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் உணவுப் பெட்டி கட்டுவோம். வசதி குறைந்த குடும்பங்களுக்கான பெட்டி அது. ஐந்து கிலோ அரிசி, சீனி, எண்ணெய், மீ, கெட்டிப்பால், தேயிலை, பிஸ்கட் எல்லாம் இருக்கும். என் வீடு கிள்ளானில் இருப்பதால், அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெட்டியைக் கொண்டு சேர்ப்பது என் வேலை.

அப்படித்தான் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் அந்த அக்காவைச் சந்தித்தேன். ஏழு மாதக் கர்ப்பிணி. முதல் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள். பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, கிளினிக்கில் கொடுத்த இளஞ்சிவப்புப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். “இரத்தம் கம்மியா இருக்காம் தங்கச்சி. முட்டை, மீன், கீரை சாப்பிடச் சொல்லி தாதி எழுதிக் கொடுத்திருக்காங்க” என்றார்.

நான் பெட்டியைப் பார்த்தேன். தாதி சொன்ன எதுவும் அதில் இல்லை.

நண்பர்களே, பசியை ஆற்றுவது வேறு, சத்துக் கொடுப்பது வேறு. இந்த வித்தியாசம் மற்றவர்களைவிடக் கர்ப்பிணிக்கு முக்கியம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறந்து முதல் சில மாதங்களுக்குத் தேவையான இரும்புச்சத்தைக் குழந்தை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து அதிகமாகச் சேர்த்துக்கொள்கிறது. தாயிடமே குறைவாக இருந்தால், குறைமாதப் பிரசவத்துக்கும் 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் குழந்தை பிறப்பதற்கும் வாய்ப்பு கூடுகிறது.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தசோகை. யுனிசெஃப் 2018-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தின் 17 மலிவுவிலை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நடந்தது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தனர். இரட்டைக் கோபுரம் தெரியும் தூரத்தில்தான் இந்த நிலை.

உதவி இல்லாமல் இல்லை. எடை குறைந்த ஏழைக் குழந்தைகளுக்கு மாதந்தோறும் உணவுக் கூடை தரும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 1989 முதல் நடத்துகிறது. ஆனால் அது குழந்தை மெலிந்த பிறகு வரும் கூடை. ரஹ்மா உதவித் திட்டங்கள் குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து வருபவை. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கில் தனி இடமில்லை.

தமிழ்நாட்டில் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். 1987-இல் 300 ரூபாயுடன் தொடங்கிய மகப்பேறு உதவி, இன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் நடக்கிறது. 2018 முதல் அதன் மொத்த மதிப்பு 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் பணமாக வருவதில்லை. இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வருகிறது. இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், சத்துமாவு, நெய் என்று தாயை மனத்தில் வைத்துக் கட்டிய பெட்டி அது. 2018-இல் வகுத்த முறைப்படி, முதல் தவணைப் பணம் வேண்டுமானால், 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஆக, அந்தப் பணம் அவரைச் சீக்கிரமே மருத்துவத்தாதியிடம் அழைத்து வந்துவிட்டது.

உணவு உதவி குழந்தையின் எடையைக் கூட்டுமா? அமெரிக்காவில் 1960, 70-களில் உணவு முத்திரைத் திட்டம் மாவட்டம் மாவட்டமாக அறிமுகமானது. பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் அந்தக் காலப் பிறப்புப் பதிவுகளை ஒப்பிட்டு, 2011-இல் முடிவை வெளியிட்டனர். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் திட்டம் நடப்பில் இருந்த இடங்களில் பிறப்பு எடை கூடியிருந்தது. மிகக் குறைந்த எடையில் பிறக்கக்கூடிய குழந்தைகளுக்கே அதிகப் பலன்.

சரி, மாணவர்களான நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒருவர் கருவுற்றால், 12 வாரத்துக்குள் அரசாங்கத் தாய் சேய் நல கிளினிக்கில் பதியச் சொல்லுங்கள். இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகள் அங்கே கிடைக்கும். நாள் தள்ளிப்போடுவது நல்லதல்ல. குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாளிலேயே மூடிவிடுகிறது.

இரண்டாவது, உதவிப் பாரங்கள் பெரும்பாலும் மலாயிலும் இணையத்திலும் இருக்கின்றன. எஸ்.பி.எம். எழுதிய ஒருவருக்கு அது அரை மணி நேர வேலை. அந்த அக்காவுக்கோ அது ஏறமுடியாத மாடிப்படி.

மூன்றாவது, சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கத்தை மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். “அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டம்” என்று பாட்டி சொன்னால் சண்டை வேண்டாம். தாதியிடம் அவரையும் அழைத்துப் போங்கள்.

பெட்டி கட்டும் இடத்தில் நானும் இதைச் சொன்னேன். “முட்டை உடைஞ்சிடும், அதனாலதான் போடுறதில்ல” என்றார் மூத்த அண்ணன் ஒருவர். நியாயம்தான். அரிசியையும் எடுத்துவிட முடியாது. வீட்டில் மற்றவர்கள் பசித்திருந்தால் எந்தத் தாயும் தன் முட்டையைப் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பார். அதனால் கர்ப்பிணி இருக்கும் வீடுகளைப் பட்டியலில் குறித்துக்கொண்டு, அவர்களுக்கு மட்டும் பருப்பு, பச்சைப்பயறு, நெத்திலி, சார்டின், ஒரு தட்டு முட்டை என்று கூடுதலாக ஒரு பை தர முடிவு செய்தோம். சீனியையும் கெட்டிப்பாலையும் குறைத்ததில் செலவில் ஒரு பகுதி ஈடானது.

போன சனிக்கிழமை அந்த மூன்றாம் மாடிக்கு முப்பது முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மூன்று உடைந்துவிட்டன. இருபத்தேழு போய்ச் சேர்ந்தன.