அல்வா அண்டாவும் சைக்கிள் அணியும்: ரோடு ரேஸ் எப்படி இயங்குகிறது?

கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் அல்வா கிண்டும் இடத்தருகே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சைக்கிள் ரோடு ரேஸில் ஓர் அணி எப்படி வேலை செய்கிறது என்பது முக்கால்வாசி புரிந்துவிடும். கோட்டை அடுப்பு கனன்று எரிகிறது. அண்டாவுக்குள் துடுப்பு நிற்கக் கூடாது, நின்றால் அடிப்பிடித்துவிடும். அந்த அனலில் ஒரே ஆளால் கடைசிவரை நிற்க முடியாது. ஆகவே நான்கு பேர் முறை வைத்துக் கிண்டுகிறார்கள். ஒருவர் கிண்ட, மற்றவர்கள் தள்ளி நின்று கையை ஆற விடுகிறார்கள்.

ரோடு ரேஸில் அந்த அனல், காற்று.

அனலின் கணக்கு

சமதளச் சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் தனியாகப் போகிறவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. டயரின் உராய்வும் செயினின் உராய்வும் சில்லறைச் செலவுதான். காற்றைத் தள்ளத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. காற்று வீசாத நேரத்தில்கூட 30 கி.மீ. வேகத்தை 40 ஆக்க, காற்றுக்கு மட்டும் சுமார் 2.4 மடங்கு திறன் வேண்டும்.

முன்னே போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் இந்தச் செலவு சட்டென்று குறையும். இதுதான் டிராஃப்டிங். ஒருவர் பின்னால் ஒருவர் போகும் வரிசையில், பின்னால் இருப்பவருக்குச் சுமார் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம். கூட்டம் பெரிதானால் ஆதாயமும் பெரிது. 121 பேர் கொண்ட பெலோட்டானை, அதாவது ரேஸின் பெருங்கூட்டத்தை, பேராசிரியர் பெர்ட் பிளாக்கன் குழுவினர் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். நடுவிலும் பின்னாலும் நன்றாக ஒடுங்கிப் போகிறவர்கள் சந்திக்கும் காற்றுத் தடை, தனியாகப் போகிறவர் சந்திப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான்.

துடுப்பு கைமாறுவது

அல்வா கிண்டுபவர் அடுத்தவரிடம் துடுப்பைக் கொடுக்கும்போது கிண்டுவது நிற்காது, வேகமும் மாறாது. சைக்கிள் வரிசையிலும் அதே ஒழுங்குதான். முன்னே இருப்பவர் அரை நிமிடம் போல இழுத்துவிட்டு, முழங்கையை லேசாக அசைத்துச் சைகை காட்டி, பக்கவாட்டில் விலகி, வரிசையின் வாலுக்கு வருகிறார். இரண்டாவது ஆள் முதலாவதாகிறார். புதிதாக முன்னே வந்தவர் கால் ஆறிய உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டினால் வரிசை அறுந்துபோகும். இப்போதுதான் இழுத்து முடித்தவரால் வாலைப் பிடிக்க முடியாது. வேகமானியில் இருந்த எண்ணை அப்படியே காப்பதுதான் அவருடைய கடமை.

எந்தப் பக்கம் விலகுவது என்பதைக் காற்று முடிவு செய்யும். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் மாமல்லபுரம் நோக்கித் தெற்கே போவதாக வைத்துக்கொள்வோம். கடல் இடப்பக்கம். அந்த நேரத்தில் நிலக்காற்று மேற்கிலிருந்து, அதாவது வலப்பக்கத்திலிருந்து வீசினால், ஒதுக்கு கிடைப்பது முன்னவருக்கு இடப்பின்புறம். அதனால் வரிசை நேராக இல்லாமல் சாய்வாக விரியும். இழுத்து முடித்தவர் காற்று வரும் வலப்பக்கமே விலக வேண்டும். இடப்பக்கம் விலகினால், சாய்ந்து நிற்கும் தோழரின் சக்கரத்தில் மோதுவார். சாலையின் இட ஓரத்தில் இடம் தீர்ந்ததும் அதற்குப் பின்னால் இருப்பவர்களுக்கு ஒதுக்கே கிடையாது. பெலோட்டான் துண்டு துண்டாவது அங்கேதான். திரும்பி வடக்கே வரும்போது இது அத்தனையும் தலைகீழ்.

ஒரே அடுப்பு, பல குழுக்கள்

ரேஸில் அடுப்பு பொது. சமையல் குழுக்கள்தான் வேறு வேறு. இங்கேதான் தந்திரம் தொடங்குகிறது.

நால்வர் அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவர், வேறு அணிகளைச் சேர்ந்த இரண்டு பேரோடு பெலோட்டானை விட்டுப் பிய்த்துக்கொண்டு முன்னே போய்விடுகிறார். இது பிரேக்அவே. நம் பண்டம் அடுப்பில் ஏறியாயிற்று. இனி விறகு தேடுவது பண்டம் ஏற்றாதவர்களின் கவலை. பின்னால் இருக்கும் நம் மூவரும் துரத்தும் வேலையில் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. முன்வரிசையில் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் அமைதியாக உட்கார்ந்து, யாராவது தாவிப் போனால் அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். குறுக்கே வளைந்து வழிமறிப்பது மட்டும் கூடாது. அது ஆபத்து, விதிமீறலும்கூட. பிரேக்அவே பிடிபட்டாலும் நட்டமில்லை. துரத்திய அணிகளின் கால்கள் களைத்திருக்கும். நம் மூவரின் கால்கள் ஆறியிருக்கும்.

அப்பளம் கடைசியில்தான்

பந்தி உட்கார்ந்த பிறகே அப்பளம் பொரிப்பார்கள். முன்பே பொரித்தால் நமத்துப்போகும். கடைசியில் பாய்ந்து கோட்டைத் தாண்டும் ஸ்பிரிண்டரும் அப்படித்தான். அவரால் முழு வேகத்தைச் சில விநாடிகள்தான் தாங்க முடியும். ஆகவே கடைசி 200 மீட்டர் வரை அவர் முகத்தில் காற்றுப் படாமல் காப்பது தோழர்களின் வேலை. கடைசி கிலோமீட்டரில் முதல் தோழர், வேறு யாரும் தாவ முடியாத வேகத்தில் இழுத்துத் தீர்ந்து விலகுகிறார். இரண்டாமவர் அந்த வேகத்தை இன்னும் கூட்டி, ஸ்பிரிண்டரைக் கொண்டுவந்து விடுகிறார். இதுவே லீட் அவுட். 2009இல் டூர் டி பிரான்ஸின் கடைசி நாள் கட்டத்தில் பாரிஸில் ஸ்பிரிண்டர் மார்க் கேவண்டிஷ் முதலாவதாக வந்தார். இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டியவர், அவரை இழுத்துவிட்ட தோழர் மார்க் ரென்ஷா. கேவண்டிஷ் 2024இல் 35ஆவது கட்ட வெற்றியைத் தொட்டு அந்தப் போட்டியின் சாதனைக்கு உரியவரானார். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு தோழர்கள் காற்றைத் தாங்கிய கணக்கும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

உவமை முடியும் இடம்

கல்யாண அல்வா எல்லார் இலைக்கும் வரும். ரேஸில் முதலிடம் ஒருவருக்குத்தான். சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரருக்கு, பிறருக்காக உழைப்பதே வேலை. உள்ளூர்ப் போட்டியில் பணம் கட்டிப் பதிவு செய்து, விடியலுக்கு முன் எழுந்து வந்து, தோழருக்காகக் காற்றைத் தாங்கி நாற்பதாவது இடத்தில் முடிக்கிறவருக்கு எந்தச் சம்பளமும் இல்லை. இந்த விளையாட்டில் நான் மிகவும் மதிப்பது அவரைத்தான். பரிசுத் தொகை வந்தால் அணிக்குள் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த ரேஸில் யாருக்காக உழைப்பது என்று முன்னதாகவே பேசி, முறையை மாற்றிக்கொள்ளுங்கள்.

அணியாக இறங்க நினைப்பவர்கள் முதலில் வண்டி நடமாட்டம் குறைந்த சாலையில் துடுப்பு கைமாற்றும் பயிற்சியைச் செய்யுங்கள். முன்னவரின் சக்கரத்தை வெறித்துப் பார்க்காமல் அவர் இடுப்பையும் அதற்கு அப்பால் சாலையையும் கவனியுங்கள். திடீர் பிரேக் வேண்டாம். குழி கண்டால் கையால் காட்டி, வாயாலும் சொல்லுங்கள். இந்த ஒழுங்கு பழகிய நான்கு நடுத்தரக் கால்கள், பழகாத ஒரு வலிய காலைச் சமதளச் சாலையில் தாராளமாக வெல்லும்.