உடல்நலத் தொண்டும் இணையப் பக்கமும்



பொதுச் சுகாதாரத் துறையில் தொண்டாற்றும் நிறுவனம் ஒன்று தன் இணையதளத்தைத் திருத்தி அமைக்க எண்ணுமானால், அது எதனை முதலில் நோக்க வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பொறியியல் கல்லூரியார் பேச வேண்டியதைப் பள்ளி ஆசிரியர் பேசுகிறாரே என்று உங்களுள் சிலர் புன்னகை புரியலாம். ஆயினும் இணையப் பக்கம் என்பது படிப்பதற்குத் தரப்படும் ஒரு பாடமே அன்றோ? அதனைப் படிப்பவர் யார், எந்நிலையில் படிக்கிறார், படித்த பின் என்ன செய்வார் என்னும் வினாக்கள் ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்டவை.

நான் வாழும் மறைமலை நகரிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரையில் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர் பலர் ஒரே அறையில் கூடித் தங்குகின்றனர். அவருள் ஒருவனுக்கு இரண்டு வாரமாக இருமல் நிற்கவில்லை; மாலையில் காய்ச்சல்; உடல் இளைக்கிறது. இவை காசநோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். அந்நோய் காற்றின் வழியே பரவுவது. சாளரம் அடைத்த நெருக்கமான அறை அதற்கு மிகவும் ஏற்ற இடம். மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று அஞ்சும் அவன், இரவு ஷிப்டு முடிந்து வந்து, போர்வைக்குள் கைப்பேசியை ஒளிரவிட்டு அதனிடம் கேட்கிறான். அப்பொழுது அவன் முன் தோன்றும் பக்கம் எத்தகையது என்பதைப் பொறுத்து, அவன் மறுநாள் சளிப் பரிசோதனைக்குச் செல்வதும் செல்லாதிருப்பதும் அமையும். அறைத் தோழர்களின் நலமும் அதில் அடங்கியிருக்கிறது.

நோயாளி இருக்கும் இடத்திற்கே மருத்துவம் செல்ல வேண்டும் என்னும் கருத்து நம் தலைநகருக்குப் புதிதன்று. 1956-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம், நோயாளருள் ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்தளித்து ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே அளவு பயன் தருவதை 1959-இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. ஏழை நாடுகளின் காசநோய்ச் சிகிச்சை முறையே இதனால் மாறியது. இணையதளம் அமைப்போரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

அண்மையில், பெயர் கூற வேண்டாத ஒரு தொண்டு நிறுவனத்தின் தளத்தைப் பார்த்தேன். முகப்பில் தலைவர் குத்துவிளக்கேற்றும் படம். அது நகர்ந்தவுடன் துணைத்தலைவர் சால்வை பெறும் படம். அதன் கீழே நிறுவனத்தின் வரலாறு, குறிக்கோள், ஆண்டறிக்கை. இருமலைப் பற்றிய செய்தி நான்கு கதவுகளைத் திறந்த பின்னரே கிடைத்தது, அதுவும் ஆங்கிலத்தில். நிறுவனத்தின் அலுவலகம் எவ்வாறு பிரிக்கப்பட்டிருக்கிறதோ அவ்வாறே தளமும் பிரிக்கப்பட்டிருந்தது. நோயாளியோ அலுவலகப் பிரிவுகளைக் கேட்டு வருபவன் அல்லன். “எனக்கு என்ன? எங்கே போவது? செலவு எவ்வளவு? வேலை போய்விடுமா?” என்று கேட்டு வருபவன். இந்நான்கு வினாக்களே முகப்பின் தலைப்புகளாக வேண்டும். சால்வைப் படங்களை நீக்க வேண்டுவதில்லை. ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

படிப்போர் கண் செல்லும் வழியை ஆராய்ந்தவர்களும் உண்டு. 2006-இல் யாக்கோபு நீல்சன் என்பார் 232 பேரின் விழி அசைவைக் கருவியால் பதிந்து பார்த்தார். மேல்வரியை முழுதும், அடுத்த பகுதியைப் பாதியும் படித்து, பிறகு இடப்புற ஓரமாகவே கண் கீழிறங்குவதைப் பலரிடம் கண்டார். ஆகவே தலையாய செய்தி முதல் இரண்டு வரிகளில் இல்லையேல், அது இல்லாதது போன்றதே.

இனி மொழி. எங்கள் ஊர், தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கிய மறைமலையடிகளின் பெயரைத் தாங்கியது. தமிழாசிரியர்களோடு நெடுங்காலம் பழகிய எனக்கும் தூய தமிழில் பற்று மிகுதி. ஆயினும் இந்நோயை எங்கள் முன்னோர் சயரோகம் என்றனர், எலும்புருக்கி என்றனர், நூல்கள் காசநோய் என்கின்றன, ஒரகடத்து இளைஞன் டி.பி. என்றே தேடுகிறான். தேடும் சொல் பக்கத்தில் இல்லாவிடில் பக்கம் அவன் கண்ணில் படாமலே போகலாம். “காசநோய், அதாவது டி.பி.” என்று தலைப்பிடுவதால் தமிழ் தேய்ந்துவிடாது. பிரிட்டிஷ் தேசிய சுகாதாரப் பணியினர் தம் தளத்தை ஒன்பது முதல் பதினொரு வயதுச் சிறுவருக்குரிய நடையில் எழுத முயல்கின்றனர். மலம், சிறுநீர் ஆகியவற்றிற்கு மருத்துவச் சொல்லை விடுத்து வீட்டில் வழங்கும் சொற்களையே ஆளுகின்றனர்.

மொழியைப் புறக்கணித்தால் நேர்வது யாது என்பதை நாடே கண்டது. 2021-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று 18 முதல் 44 வயது வரையுள்ளோர்க்குக் கொரோனாத் தடுப்பூசி திறந்துவிடப்பட்டபோது, கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயமாயிற்று. தளமோ ஆங்கிலத்தில் இருந்தது. விரைந்து விரலோட்டத் தெரிந்த நகரத்தார், கிராம நிலையங்களின் இடங்களையும் பதிந்துகொண்டனர். அம்மாத இறுதியில் உச்ச நீதிமன்றமே, கைப்பேசியும் ஆங்கிலமும் இல்லாதவர் என் செய்வர் என்று வினவியது. சூன் மாதத்தில் இந்தியும் பிற மாநில மொழிகளும் சேர்க்கப்பட்டன. முதற்பட்டியலில் தமிழ் இல்லை. குறை எடுத்துரைக்கப்பட்ட பின்னரே தமிழும் வந்தது. எங்கள் வட்டாரத்திற்கு ஒடியா, இந்தி, வங்க மொழிப் பக்கங்களும் வேண்டும் என்பேன்.

எழுத்தைப் பற்றியும் ஒரு செய்தி. தமிழ் வாசகத்தைப் படமாக்கி ஒட்டிவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. படத்திலுள்ள எழுத்தை, பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் மென்பொருள் அப்படியே படிக்காது. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. அம்முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டிற்கு மூன்று பைட்டு போதும். மூவாயிரம் குறியீடுகள் கொண்ட பக்கம் ஒன்பதாயிரம் பைட்டுதான். ஒரு வண்ணப்படமோ இதைப்போல் நூறு மடங்கைத் தின்றுவிடக்கூடும். தரவு தீரும் தறுவாயில் இருப்பவனுக்கு இந்தக் கணக்கு சிறிதன்று. எழுத்திற்கும் பின்புலத்திற்கும் இடையே ஒளி வேறுபாடு நாலரைக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது உலகளாவிய வலை அமைப்பின் நெறி. வெளிர்சாம்பல் எழுத்தை அழகென்று கருதும் இளைஞர் இதனைக் கவனிப்பாராக. 104 என்னும் எண்ணைத் தொட்டால் உடனே அழைப்புச் செல்ல வேண்டும். அதுவும் படமாகக் கிடத்தல் ஆகாது.

தளத்தைச் செப்பம் செய்தபின் ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். நல்ல தேர்வாளனைப்போல் நாம் வாய் திறவாது அருகில் அமர்ந்து, அவர் எங்கே தயங்குகிறார் என்று குறித்தால் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும். ஐவர் போதும் என்று கூறியவரும் மேற்சொன்ன நீல்சனே. அந்த ஐவரும் நிறுவனத்தின் ஊழியராக இருத்தல் கூடாது. விடுதிச் சமையற்காரர், தையல் வேலை செய்யும் பெண், ஒடிசாவிலிருந்து வந்த வெல்டர் ஆகியோரை அழையுங்கள்.

மக்களின் ஈடுபாட்டை எவ்வாறு அளப்பது? பக்கத்தில் எவ்வளவு நேரம் தங்கினார் என்று கணக்கிடுவது வணிகர் வழக்கம். சுகாதாரத் தளத்திற்கு அது பொருந்தாது. ஒரே நிமிடத்தில் பரிசோதனை நிலையத்தின் முகவரியை அறிந்து வெளியேறியவனே நன்கு பயன்பெற்றவன். பத்து நிமிடம் தங்கியவன் வழி தெரியாது தவித்தவனாகவும் இருக்கலாம். எத்தனை பேர் எண்ணைத் தொட்டு அழைத்தனர் என்பதை அளக்கலாம். பெயரும் ஆதாரும் கேட்கும் படிவத்தை வாயிலில் வைத்தால், நோயை மறைக்க விரும்புவோர் அப்பொழுதே திரும்பிவிடுவர்.

இவற்றோடு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் திருத்திய நாளைக் குறித்தல் வேண்டும். காசநோயாளரின் ஊட்டத்திற்காக நடுவணரசு 2018 முதல் திங்கள்தோறும் 500 ரூபாய் வழங்கி வந்தது. 2024 நவம்பரில் அது 1000 ரூபாயாக உயர்ந்தது. நான் பார்த்த அத்தளத்தில் 500 என்றே இருந்தது. நிறுவனத்தாருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.