எல்ஸ்வொர்த் ஸ்டாட்லரும் விடுதிக் கட்டடக்கலையும்

எல்ஸ்வொர்த் மில்டன் ஸ்டாட்லர் (1863–1928) அமெரிக்க விடுதி அதிபர். கட்டடக்கலையை முறையாகப் பயிலாத இவர், விடுதி வேலையின் வழியாகவே விடுதிக் கட்டடம் எப்படி அமைய வேண்டும் என்பதைக் கற்றார். இவர் பரவலாக்கிய முறைகள் பல இன்றும் பின்பற்றப்படுகின்றன.

பணி அனுபவம்

ஒகையோ மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் வளர்ந்த ஸ்டாட்லர், சிறுவயதில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 13 வயதில் வீலிங் நகரின் மெக்லூர் ஹவுஸ் விடுதியில் ஏவல் பையனாகச் சேர்ந்தார். அக்கால விடுதிகளில் பெரும்பாலான அறைகளுக்குத் தனிக் குளியலறை கிடையாது. தண்ணீரைப் பணியாளர்களே அறைக்குச் சுமந்து செல்ல வேண்டும். விருந்தினரின் சிரமமும் பணியாளரின் வீண் நடையும் கட்டட அமைப்பிலிருந்தே பிறக்கின்றன என்பதை அந்த வேலை காட்டியது.

1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காக, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட தற்காலிக விடுதியை நடத்தினார்.

பஃபலோ விடுதி

1908-இல் பஃபலோ நகரில் திறக்கப்பட்ட ஸ்டாட்லர் விடுதியில் 300 அறைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை. வாடகை ஒன்றரை டாலரில் தொடங்கியது. இதைச் சாத்தியமாக்கியது எளிய ஓர் ஏற்பாடு. அடுத்தடுத்த இரு அறைகளின் குளியலறைகள் முதுகோடு முதுகாக அமைந்தன. அவற்றுக்கு நடுவே, கீழ்த்தளம் முதல் மேல்தளம் வரை குழாய்களுக்கான பொதுச் செங்குத்துப் பாதை சென்றது. இதனால் குழாயின் நீளமும் செலவும் குறைந்தன. பழுது பார்ப்பதும் எளிதாயிற்று.

அறைக்குள் நுழைந்ததும் கைக்கெட்டும் மின்விசை, இருட்டிலும் தடவிக் கண்டுபிடிக்கும்படி கைப்பிடிக்கு மேலே சாவித்துளை போன்றவையும் இவருடைய விடுதிகளின் அடையாளங்கள்.

வரைபடங்களை எசன்வைன் - ஜான்சன் என்ற கட்டடக்கலை நிறுவனம் தயாரித்தது. எது தேவை என்பதை அனுபவமும், அதை எப்படிக் கட்டுவது என்பதைத் தொழிற்கல்வியும் தந்தன. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகவில்லை.

கல்வியில் தாக்கம்

கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1922-இல் விடுதி மேலாண்மைப் படிப்பு தொடங்கியது. ஸ்டாட்லர் அறக்கட்டளையின் நிதியில் அங்கு எழுந்த ஸ்டாட்லர் ஹாலில், மாணவர்கள் பயிற்சி பெறுவதற்கான விடுதியும் இடம்பெற்றது. அதே 1922-இல் இந்தியாவின் சிம்லாவில், செசில் விடுதியில் எழுத்தராகச் சேர்ந்தவர் மோகன் சிங் ஓபராய். அவரும் அடிநிலைப் பணியிலிருந்து விடுதி அதிபராக உயர்ந்தவர்.

சென்னை தரமணியில் உள்ளதைப் போன்ற விடுதி மேலாண்மைக் கல்லூரிகளில் தொழிற்பயிற்சி பாடத்தின் பகுதியாகும். சமையலறைக்கும் பரிமாறும் இடத்துக்கும் உள்ள தூரம், துணிகள் சலவைக்குச் செல்லும் வழி, விருந்தினர் பாதையும் பணியாளர் பாதையும் குறுக்கிடும் இடம் ஆகியவற்றை அப்போது கவனிக்கும் மாணவர், கட்டடக்கலையின் முதல் பாடத்தையும் சேர்த்தே கற்கிறார்.