பெருஞ்சீரகம்: எதற்கு உதவும், எங்கே நிறுத்த வேண்டும்

யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு நிறத்தைக் கொடுப்பது செத்தல் மிளகாய்; கனத்தைக் கொடுப்பது மல்லி. தூள் வறுக்கும் நாளில் அயல்வீடு வரைக்கும் போகும் வாசத்தில் பெரும்பங்கு பெருஞ்சீரகத்தினுடையது. கறி தாளிக்கும்போது கடுகோடும் வெங்காயத்தோடும் அது தாச்சியில் விழும். கடலை வடையிலும் இறைச்சிக் கறியிலும் அது இல்லாவிட்டால் நம்மவர்க்கு உருசி பிடிப்பதில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் பெருஞ்சீரகம் என்பதைத் தமிழ்நாட்டில் சோம்பு என்பர். சிங்களக் கடையில் மாதுரு என்று கேட்டால் பெருஞ்சீரகம் தருவார்கள்; சூதுரு என்றால் நற்சீரகம். சதகுப்பை, ஓமம், நற்சீரகம், மல்லி எல்லாம் பெருஞ்சீரகத்தோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் குணம் ஒன்றல்ல. கருஞ்சீரகம் பெயரளவில் மட்டும் உறவு. அது வேறு குடும்பம்.

1990ஆம் ஆண்டு ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு எழுந்த குடும்பங்கள் உரலையும் உலக்கையையும் அம்மியையும் வீட்டிலேயே விட்டுத்தான் வந்தன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிக்கும் வன்னிக்கும் எழுந்தபோதும் அப்படித்தான். அந்த ஆண்டுகளில் ஆஸ்பத்திரி தூரம், வழி ஆபத்து, மருந்துக்கும் தட்டுப்பாடு. பிள்ளை அழுதாலும் பெரியவர்க்கு நெஞ்சு அடைத்தாலும் அடுப்படிச் சரக்கே மருந்தாயிற்று. அதில் குறைகூற நமக்கு ஒன்றுமில்லை. வேறு வழி இருக்கவில்லை. ஆனால் இன்று வழி உண்டு. பழக்கம் மட்டும் முகாம்களிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் அப்படியே நிற்கிறது. ஆகவேதான் இச்சிறு விதையைப் பற்றி இவ்வளவு எழுதவேண்டியிருக்கிறது.

பெருஞ்சீரகத்தின் குணம் அதிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. விதையின் நிறையில் நூற்றுக்கு 2 முதல் 6 பங்கு வரை ஆவியாகப் பறக்கும் எண்ணெய். அதில் பெரும்பகுதி அனித்தோல் என்னும் பொருள். இனிப்பு வாசம் அதனுடையதே. குடலின் தசை இறுகிப் பிடிக்கும்போது வாயு வழியின்றி நின்று பொருமும், வலிக்கும். இந்த எண்ணெய் அத்தசையைத் தளர்த்துகிறது; வாயு கழிகிறது. செமியாக்குணம், வயிற்றுப் பொருமல், வயிறு நிறையச் சாப்பிட்டபின் வரும் அசதி ஆகியவற்றுக்குப் பெரியவர்கள் இதைக் குடிப்பதில் பொருள் உண்டு என்பதற்கு இதுவே காரணம்.

குடிக்கும் முறையிலேதான் பலர் பிழைவிடுகிறார்கள். அரைமணி நேரம் திறந்த பானையில் அவித்தால் எண்ணெய் ஆவியோடு போய்விடும். மிஞ்சுவது மஞ்சள் தண்ணீர். ஒரு தேக்கரண்டி விதையைக் குடிக்கும் நேரத்திலேயே இடித்து, ஒரு பெரிய கோப்பை கொதிநீரை அதன்மேல் ஊற்றி, மூடிவைத்துக் கால்மணி நேரத்தின் பின் வடித்துக் குடிக்கவேண்டும். நாளுக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். இரண்டு கிழமைக்குள் குணமில்லையென்றால் அது பெருஞ்சீரகத்தால் தீரும் நோயல்ல, வைத்தியரிடம் போகவேண்டும்.

மாதவிலக்கு வலிக்கும் இது குடிக்கப்படுகிறது. ஈரானில் செய்யப்பட்ட சில சிறு ஆய்வுகளில் வலி குறைந்ததாகக் கண்டார்கள். உறுதியான சான்று என்று சொல்லுமளவுக்கு அவை பெரியவையல்ல. பெருஞ்சீரகத்தில் இரும்புச்சத்தும் கல்சியமும் நிறைய உண்டு என்று சொல்வதைக் கேட்கிறோம். நூறு கிராம் தின்றால் உண்மைதான்! ஆனால் ஒரு தேக்கரண்டி இரண்டு கிராம் அளவே. அதில் அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. இரத்தம் குறைந்த பெண்களுக்கு முருங்கையிலை வறையும், கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு வில்லையும் வேண்டும்.

வேறொரு பயன் பேசப்படுவதில்லை. சாப்பாட்டுக்குப் பின் வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றுதான் பலர் வெற்றிலைத் தட்டத்தை எடுக்கிறார்கள். புகையிலை மட்டுமல்ல, தனிப் பாக்கும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் அறிவித்தது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. புகையிலை நட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்த மண்ணில் இதைச் சொல்வது எளிதல்ல. ஆயினும் மடியில் ஒரு சிறு பேணியில் வறுத்த பெருஞ்சீரகத்தை வைத்துக்கொண்டு, வெற்றிலைக்குக் கைபோகும்போது அதை மெல்லப் பழகலாம். சீனி பூசிய கலர்ச் சீரகம் வேண்டாம். நீரிழிவுள்ளவர்க்கு அது சீனிதான்.

இனிக் கைக்குழந்தைகள். பிள்ளை கால்களை மடக்கி வீரிட்டு அழுதால், அப்பாச்சியோ அம்மம்மாவோ பெருஞ்சீரகத் தண்ணீரை ஒரு பாலாடையில் எடுத்துவிடுவார். அன்பினால் செய்வது. ஆனால் முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், வெறுந் தண்ணீர்கூட, கொடுக்கக்கூடாது. பச்சைக் குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. தண்ணீரால் நிரம்பினால் பால் குடிக்காது; குடிக்காவிட்டால் தாய்க்குப் பால் சுரப்பதும் குறையும். கிணறும் கக்கூசும் நெருங்கியிருக்கும் இடங்களில் அந்தத் தண்ணீரும் பாலாடையுமே வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும்.

“ஆராய்ச்சியில் நல்லதென்று கண்டிருக்கிறார்களே” என்று படித்த தாய்மார் கேட்பதுண்டு. 2003இல் ரஷ்யாவில் நடந்த ஆய்வொன்றில் பெருஞ்சீரக எண்ணெய் கலந்த மருந்து குழந்தைகளின் வயிற்றுக்குத்தைக் குறைத்தது உண்மை. அது வைத்தியர்கள் பார்த்திருக்க, அளந்து கலந்து கொடுக்கப்பட்ட மருந்து. வீட்டுக் கேத்தலில் அவிப்பதன் வீரியத்தை யார் அளப்பது? 1994இல் இத்தாலியிலிருந்து வந்த வைத்திய அறிக்கை மறுபக்கத்தைக் காட்டியது. பால் சுரக்குமென்று நாளுக்கு இரண்டு லீற்றருக்கு மேல் பெருஞ்சீரகமும் அதிமதுரமும் வேறு மூலிகைகளும் சேர்ந்த பானம் குடித்த இரு தாய்மாரின் குழந்தைகள் சோர்ந்து, பால் குடிக்கமாட்டாமல் போயின. தாய்மார் அதை நிறுத்தவும் குழந்தைகள் தேறின.

ஆகவே பிள்ளைப்பெற்ற தாய் கறியில் போடும் அளவைப் பயமின்றிச் சாப்பிடலாம். பால் பெருக்கும் மருந்தாகக் குடம் குடமாகக் குடிக்கவேண்டாம். பிள்ளை அடிக்கடி உறிஞ்சிக் குடிப்பதுதான் பாலைச் சுரக்கவைக்கும். கர்ப்பவதிகளுக்கும் கறியளவே போதும். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மருந்தாகக் கொடுக்கவேண்டாம் என்றே ஐரோப்பிய மருந்து நிறுவனமும் சொல்கிறது. தேன் கலந்து கொடுப்பது இன்னும் கூடாது: ஒரு வயதுக்கு முன் தேனே ஆபத்து.

அழும் பிள்ளைக்கு என்னதான் செய்வது? பால் குடித்ததும் தோளில் சாய்த்து ஏவறை விடச்செய்யுங்கள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்துபாருங்கள். காய்ச்சல், பச்சையாகச் சத்தி, மலத்தில் இரத்தம், கல்போன்ற வயிறு, பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வயிற்றோட்டத்துக்குப் பெருஞ்சீரகத் தண்ணீர் மருந்தல்ல. போகும் உப்பையும் நீரையும் ஜீவனிதான் ஈடுசெய்யும். பொதியில் சொன்ன அளவு கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுக்கவேண்டும்.

அடுத்தது வாய்வு என்ற சொல். தோட்டத்தில் இறைத்துவிட்டு வந்த ஐம்பது வயதுக்காரர் நெஞ்சுக்குள் அடைக்கிறது என்பார். வீட்டில் “வாய்வுக் குத்து” என்று பெருஞ்சீரகமும் உள்ளியும் அவித்துக் கொடுத்துப் படுக்கவிடுவார்கள். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ ஏறும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டுதல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் வலி தெளிவில்லாமல், வெறும் செமியாக்குணம் போலவே வரக்கூடும். குடிநீர் கொதிக்கும் அந்த அரைமணி நேரத்தில் இருதயத்தின் தசை செத்துக்கொண்டிருக்கும். 1990 என்றதும் நமக்கு இடம்பெயர்ந்த ஆண்டுதான் நினைவுக்கு வரும். சுவசெரிய இலவச அம்புலன்ஸின் தொலைபேசி இலக்கமும் 1990தான். 2018இலிருந்து அது யாழ்ப்பாணத்திலும் ஓடுகிறது. பேரப்பிள்ளைகளுக்கும் அந்த இலக்கத்தைச் சொல்லிவையுங்கள்.

வேறு சிலரும் கவனமாக இருக்கவேண்டும். கரட், செலரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமை தரலாம். மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதை மருந்தாகக் குடிக்கக்கூடாது; பெண் ஹோர்மோனைப் போன்ற இலேசான செயல் இதற்கு உண்டு. போத்தலில் விற்கும் பெருஞ்சீரக எண்ணெயை யாரும் குடிக்கவேண்டாம். வலிப்பு நோயுள்ளவர் வீட்டில் அது இல்லாதிருப்பதே நல்லது.

வாங்கும்போது இரண்டு விதையை உள்ளங்கையில் நசுக்கி மணந்துபாருங்கள். எண்ணெய் வடித்தெடுத்த சக்கையை நல்ல விதையோடு கலந்து விற்பதுண்டு. அதில் வாசம் இராது. மிதமிஞ்சிய பச்சையாக இருந்தால் தண்ணீரில் போட்டுப்பாருங்கள்: சாயம் இறங்கினால் திருப்பிக் கொடுங்கள். தூளுக்கு வறுக்கையில் மல்லியை முதலில் வறுத்து, பெருஞ்சீரகத்தையும் நற்சீரகத்தையும் கடைசியில் இளஞ்சூட்டில் புரட்டி எடுங்கள். ஆறியபின் இறுக்கமான போத்தலில் வெயில் படாமல் வையுங்கள்.

காணி திரும்பக் கிடைத்தவர்கள் இதை நடலாமா என்று கேட்கிறார்கள். இலங்கைக் கடைகளில் இருப்பது பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. இந்தியாவில் குஜராத்தும் ராஜஸ்தானும் இதற்குப் பேர்போனவை. அங்கே பூத்துக் காய்க்கும் காலம் குளிரும் வறட்சியுமாக இருக்கும். நமது மாரிமழையும் அதன்பின் வரும் வெக்கையும் அதற்குத் தோதானவையல்ல. விதை முற்ற ஐந்தாறு மாதமும் செல்லும். காசுக்காக நடுவதென்றால் வெங்காயத்தையும் மிளகாயையும் விட்டு இதற்குப் போகும்படி நாம் சொல்லமாட்டோம். வீட்டுத் தேவைக்கு, மாரி ஓய்ந்ததும் ஆழமான சாடியில் நாலைந்து விதையை ஊன்றலாம். ஆணிவேர்ச் செடியாதலால் பிடுங்கி நட்டால் வாடும். ஊன்றிய இடத்திலேயே வளரவிடுங்கள். நூல்போன்ற இலையைக் கிள்ளி மீன் சொதியில் போடலாம்.