குருதிப் புற்றுநோயும் என்பு மச்சையும்

குருதி செந்நிறமான ஒரு நீராகவே கண்ணுக்குத் தோன்றும். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கின், எண்ணிறந்த குழியங்கள் மிதந்து செல்லும் திரவம் அது என்பது விளங்கும். ஒரு கன மில்லிமீற்றர்க் குருதியில் ஏறத்தாழ 50 இலட்சம் செங்குழியங்களும், 4,000 முதல் 11,000 வரையான வெண்குழியங்களும், ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுதட்டுக்களும் உள. செங்குழியம் ஒட்சிசனைக் காவிச் செல்வது. வெண்குழியம் கிருமிகளை எதிர்ப்பது. சிறுதட்டு, காயமுற்ற இடத்திற் குருதியை உறையச் செய்வது. செங்குழியத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். சிறுதட்டினது 10 நாளளவு. வெண்குழியங்களுட் பல ஒரு நாளளவிலேயே மடிகின்றன. ஆதலின் புதியன இடையறாது பிறத்தல் வேண்டும். அவை பிறக்குமிடம் எலும்பினுள்ளே இருக்கும் மச்சை என்பதை 1868இல் ஜெர்மானிய அறிஞர் ஏர்ண்ஸ்ற் நோய்மன் எடுத்துரைத்தார்.

லூக்கேமியா என மருத்துவர் வழங்கும் குருதிப் புற்றுநோய் தோன்றுவதும் அம்மச்சையிலேயே. அங்கு முதிரவேண்டிய ஓர் இளங்குழியம், தன் பரம்பரையலகுகளில் நேர்ந்த மாற்றத்தால், முதிராமலே பெருகத் தொடங்குகின்றது. காரைநகரில் மழையை நம்பி விதைத்த வயலில் நெல்லோடு நெல்லாக ஒருவகைப் புல் முளைப்பதுண்டு. கதிர் தோன்றும்வரை அதனை வேறுபடுத்தல் அரிது. நெல்லுக்குரிய நீரையும் உரத்தையும் அது கொள்ளும், நெல்மணியோ தருவதில்லை. நோய்க்குழியமும் அத்தகையதே. அது மச்சையை நிரப்ப, நற்குழியங்களுக்கு இடமில்லாது போகின்றது.

பெர்லின் நகரத்து வைத்தியர் ருடோல்ப் விர்ச்சோ 1845இல் இந்நோயை ஆராய்ந்து, பின்னர் ‘வெண்குருதி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்குப் பெயரிட்டார். அப்பெயர் சற்று மயக்கந் தருவது. வெண்குழியம் மிகுந்தால் நோயெதிர்ப்பு வலிமையும் மிகுமன்றோ என ஒருவர் கருதலாம். நிகழ்வது அதன் மறுதலை. படையில் ஆட்கள் திரண்டிருந்தும் ஆயுதம் பிடிக்க அறிந்தவர் இல்லாத நிலையே அது. சிலரிடத்து வெண்குழியங்களின் தொகை குறைந்தும் காணப்படும்.

செங்குழியம் குறையவே முகம் வெளிறிக் களைப்பு மேலிடும். சிறுதட்டுக் குறையவே முரசிற் குருதி கசியும். அடிபடாமலே தோல் கன்றும். சிவந்த நுண்புள்ளிகள் தோன்றும். காய்ச்சல் மீண்டும் மீண்டும் வரும். மச்சை நெருக்குண்பதால் எலும்பு நோவுண்டாகிக் குழந்தை நொண்டுதலும் உண்டு. இவற்றை ஒவ்வொன்றாக நோக்கினால் அச்சத்துக்கு இடமில்லை. வெளிறல் சத்துக்குறைவாலும், காய்ச்சல் பருவத்தாலும், கால்நோவு விளையாட்டாலும் வரக்கூடியனவே. இம்மயக்கத்தாலேயே வாரங்கள் கழிந்துவிடுகின்றன. இவை ஒருங்கே காணப்படின் குருதிப் பரிசோதனை உடனே வேண்டற்பாலது. இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மச்சையைச் சோதித்தே நோய் உறுதிசெய்யப்படும். இது தொற்றுநோயன்று, தாய் ஊட்டிய உணவின் குற்றமுமன்று. மிகுந்த கதிர்வீச்சும் பென்சீன் என்னும் இரசாயனப் பொருளும் இதனை உண்டாக்கவல்லன. எனினும், நோயுற்றோருட் பெரும்பாலாரிடத்து இன்ன காரணமெனச் சுட்ட எதுவுமில்லை.

சிகிச்சையின் வரலாறு சென்னையோடு தொடர்புடையது. குழியம் பிரிந்து பெருகுதற்குப் போலிக்கமிலம் என்னும் விற்றமின் இன்றியமையாதது. பொஸ்ரன் நகரத்து வைத்தியர் சிட்னி பார்பர், போலிக்கமிலச் சேர்வைகளைக் கொடுத்தபோது நோய் விரைவுறக் கண்டார். சத்தூட்டல் களைக்கு உரமிட்டதாயிற்று. அவ்வாறாயின் அச்சத்தை மறித்தால் என்ன? போலிக்கமிலத்தைப் போன்று தோன்றிக் குழியத்தின் வேலையைத் தடுக்கும் அமினொப்தெரின் என்னும் மருந்து, லெடர்லி ஆய்வுகூடத்தில் எல்லாப்பிரகத சுப்பாராவ் என்பார் நடத்திய குழுவினரால் ஆக்கப்பட்டது. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, ஆயுர்வேதக் கல்லூரியிற் கற்பித்து, பின் அமெரிக்கா சென்ற ஆந்திரர். 16 குழந்தைகளுள் 10 பேருக்கு அம்மருந்தால் நோய் தணிந்ததெனப் பார்பர் 1948 யூனில் அறிவித்தார். அவ்வாண்டு ஓகஸ்றிற் சுப்பாராவ் காலமானார்.

அத்தணிவு தற்காலிகமானதே என்பதைப் பார்பர் மறைக்கவில்லை. நோய் கண்டறியப்படும்போது உடலில் ஓர் இலட்சம் கோடியளவான நோய்க்குழியங்கள் இருத்தல் கூடும். முதல் மாதத்து மருந்தால் முகந் தெளிந்து, பசி மீண்டு, குருதிப் பரிசோதனையும் நன்றெனக் காட்டும் வேளையிலும் கோடிக்கணக்கானவை எஞ்சியிருக்கலாம். பல மருந்துகளைச் சேர்த்து நெடுங்காலம் கொடுக்கும் முறை 1960களில் உருவானபின்னரே முழுக்குணம் கைகூடிற்று. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் நிணக்குழியவகை நோயில், வசதி மிக்க நாடுகளில் இன்று 10 பேரில் ஏறத்தாழ 9 பேர் பிழைக்கின்றனர். சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டு நீளும். பிள்ளை தேறிவிட்டது என இடையில் நிறுத்துவோரிடத்தே நோய் மீளுகின்றது. மீண்ட நோய் முன்னைய மருந்துக்கு எளிதில் அடங்குவதில்லை.

தீவுப்பகுதியினர் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகமவரை செல்லவேண்டியிருந்த காலம் நீண்டது. 2011இல் தெவுந்தர முனையிலிருந்து பருத்தித்துறை முனைவரை நடந்து திரட்டப்பட்ட நிதியால் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தபின், பலருக்கு அத்தூரம் குறைந்தது. சிகிச்சைக் காலத்திற் காய்ச்சல் கண்டால், விடிந்தபின் பொன்னாலைப் பாலத்தைக் கடக்கலாம் என வீட்டிற் காத்திருத்தல் ஆகாது. மருந்து நல்ல வெண்குழியங்களையும் குறைத்திருக்குமாதலின், கிருமி சில மணி நேரத்திற் குருதியெங்கும் பரவிவிடும்.