சித்தப்பா குடிச்ச ரெண்டாவது காபியும், பில்லோட கடைசி மூணு வரியும்

என் சித்தி பையனுக்கு மதுரையில வேலை கிடைச்சு முதல் சம்பளம் வந்துச்சு. அப்பா அம்மாவையும் தங்கச்சியையும் அழகர்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். பதினெட்டாம்படி கருப்பர், கள்ளழகர், மேலே நூபுர கங்கைன்னு எல்லாம் முடிச்சு, இறங்கும்போது கோயில் தோசையும் வாங்கிச் சாப்பிட்டிருக்காங்க. மிளகும் சீரகமும் மணக்கிற அந்தத் தடித் தோசையைச் சாப்பிடாம வந்தா அழகர்கோவில் போன கணக்கே இல்லை.

சாயங்காலம் ஊருக்குள்ள, நாலஞ்சு ஊர்ல கிளை வச்சிருக்கிற ஒரு ஹோட்டல்ல டிபன். பேர் வேண்டாம். இட்லி, பொங்கல், நெய் ரோஸ்ட், சித்தப்பாவுக்கு ரெண்டாவது காபி. ராத்திரி பில் போட்டோ வாட்ஸ்அப்ல வந்துச்சு: "அண்ணே, இது சரியா?"

சாப்பாடு 1,200 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் 10% 120. அப்புறம் சி.ஜி.எஸ்.டி. 33, எஸ்.ஜி.எஸ்.டி. 33. மொத்தம் 1,386.

உடனே போன் பண்ணேன். அவன் சொன்னதுதான் எனக்கு உறுத்துச்சு. பில்லை வாங்கிப் பார்த்த சித்தப்பா, "நான் அந்த ரெண்டாவது காபியைச் சொல்லாம இருந்திருக்கலாம்ப்பா"ன்னாராம்.

தப்பு காபில இல்லை. வரி முதல்ல பார்ப்போம். சாதாரண ஹோட்டலுக்கு ஜி.எஸ்.டி. 5%தான். ஏ.சி. இருந்தாலும் இல்லாட்டியும், பார்சல் வாங்கினாலும் அதேதான். 2017 நவம்பர் 15 வரைக்கும் ஏ.சி.க்கு 18, ஏ.சி. இல்லாட்டி 12ன்னு இருந்துச்சு. இன்னமும் சிலர் அந்த ஞாபகத்துலயே பேசுறாங்க. நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல போற பெரிய லாட்ஜ் ஹோட்டல்களோட ரெஸ்டாரன்ட்ல 18% வரும், அது வேற கதை. காலையில சாப்பிட்ட தோசைக்கு வரியே இல்லை. கோயில் தர்ற பிரசாதத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

அப்போ இவங்க பில்லுக்கு வரி 60. ஆனா போட்டது 66. ஏன்? சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து 1,320க்கு வரி போட்டிருக்காங்க. நீங்க தரச் சம்மதிக்காத டிப்ஸுக்கு நீங்களே வரியும் கட்டுறீங்க!

சர்வீஸ் சார்ஜ் அரசாங்க வரி இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதியே சொல்லிடுச்சு: தானா பில்லுல சேர்க்கக் கூடாது, வேற பேர்லயும் வாங்கக் கூடாது, சாப்பாட்டோட கூட்டி அது மேல ஜி.எஸ்.டி.யும் போடக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 மார்ச் 28ல டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதுக்கு மேல்முறையீடும் போட்டிருக்காங்க.

"கேக்க ஒரு மாதிரி இருந்துச்சுண்ணே, தங்கச்சி வேற பக்கத்துல"ன்னான். எனக்கும் சி.ஏ. முடிச்ச புதுசுல அப்படித்தான் இருந்துச்சு. சண்டை போட வேண்டாம். "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போட்டுத் தாங்க"ன்னு கேஷியர்கிட்ட மட்டும் சொல்லுங்க. பரிமாறினவரைப் பிடிச்சிருந்தா அவர் கையிலேயே காசு கொடுங்க. நான் அப்படித்தான் கொடுக்கிறேன். மறுத்தா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பில்லை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, வெயில் பட்டா அந்தப் பேப்பர்ல எழுத்தே மறைஞ்சிடும்.

இன்னொண்ணு, அழகர்கோவில் ரோட்டுல இருக்கிற மாதிரி சின்ன மெஸ்கள்ல பார்க்க வேண்டியது. காம்போசிஷன் திட்டத்துல பதிஞ்ச கடை, வரியைத் தன் கையிலிருந்துதான் கட்டணும். உங்ககிட்ட தனியா வாங்க முடியாது. பில்லுல 33ல ஆரம்பிக்கிற 15 இலக்க எண் இருந்தா ஜி.எஸ்.டி. தளத்துல போட்டுப் பாருங்க, கடை எந்த வகைன்னு காட்டும். எண்ணே இல்லாம ஜி.எஸ்.டி.ன்னு ஒரு வரி இருந்தா, பணத்தை எடுக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க.

தம்பி கூடக் கொடுத்தது 126 ரூபாய். 1915ல புகார் பதிஞ்சிருக்கான், நம்பர் வந்திருக்கு. என்ன ஆச்சுன்னு அடுத்த வீடியோல சொல்றேன். சித்தப்பாகிட்ட நானே பேசிட்டேன், காபிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு. "அப்படியா? காபி நல்லாத்தான்டா இருந்துச்சு"ன்னார்.